எதிராளியின் அருகில் நின்று பேசினால் என்ன நடக்கும்?

2020ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் யூட்டா மாநில ஆளுநர் தேர்தலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்ற இரு வேட்பாளர்கள் ஒரே பிரசாரப் படத்தில் அருகருகே நின்று பேசினார்கள். (அங்கே ஆளுநர் என்பது நியமனப் பதவி அன்று; மாநில நிர்வாகத்தின் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.) ஒருவர் குடியரசுக் கட்சியின் ஸ்பென்சர் காக்ஸ், அப்போதைய துணை ஆளுநர், மற்றவர் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் பீட்டர்சன், சட்டப் பேராசிரியர். தமக்கே வாக்களிக்க வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். பல விஷயங்களில் தங்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதிபர் தேர்தலில் யார் வென்றாலும் முறையான முடிவை ஏற்றுக்கொள்வோம் என்பதை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை; முடிவு ஏறக்குறைய முன்பே தெரிந்த தேர்தலில் பெருந்தன்மை காட்டுவதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை என்று ஐயப்படுவோர் சொல்லலாம். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு; அதைப் பிறகு பார்ப்போம். இப்படிப்பட்ட ஒரு காட்சி, அதைப் பார்ப்பவரின் மனத்தில் ஏதேனும் செய்கிறதா, செய்தால் எந்த வழியாகச் செய்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் பெயர் ‘உணர்வு வெப்பமானி’. ஒரு கட்சியின் மீது உங்களுக்கு எவ்வளவு வெதுவெதுப்பான உணர்வு இருக்கிறது என்று கேட்டு, 0 முதல் 100 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்கிறார்கள். 1970களின் இறுதியில் தாம் சாராத மறுகட்சிக்கு அமெரிக்கர்கள் தந்த சராசரி மதிப்பு 48ஐ ஒட்டி இருந்தது. 2020 வாக்கில் அது 20 அளவுக்கு இறங்கிவிட்டது. சொந்தக் கட்சியின் மீதான வெதுவெதுப்போ இக்காலம் முழுவதும் பெரிதாக மாறவில்லை. வளர்ந்தது சொந்தக் கட்சியின் மீதான அன்பு அன்று, எதிர்ப்பக்கத்தின் மீதான வெறுப்பு. கொள்கையில் விலகிச் செல்வது ஒன்று, மனிதர்களை வெறுப்பது வேறொன்று. இந்த இரண்டாவதை ஆய்வாளர்கள் ‘உணர்வுசார் துருவமயம்’ என்று பிரித்துப் பேசுகிறார்கள்.

வெறுப்பு பிறப்பதற்கு எவ்வளவு சிறிய காரணம் போதும் என்பதை ஆன்றி தாஷ்ஃபெல் என்னும் உளவியலாளர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்துக் காட்டினார். திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூடுதலாக மதிப்பிட்டவர்கள், குறைவாக மதிப்பிட்டவர்கள் என்று மாணவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அந்தப் பிரிவினை எந்த அடிப்படையும் இல்லாமல் தற்செயலாகச் செய்யப்பட்டது. தம் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட எவருக்கும் தெரியாது. ஆனாலும் பிற மாணவர்களுக்குக் காசைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இதைவிட வியப்பு வேறொன்று: தம் குழுவுக்கு மொத்தமாக அதிகப் பணம் கிடைக்கும் வழியை விட்டுவிட்டு, கிடைப்பது குறைந்தாலும் எதிர்க்குழுவைவிட இடைவெளி அதிகமாக இருக்கும் வழியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். நட்டம் தனக்கும் என்று தெரிந்தே எதிராளியை முந்த நினைக்கும் இந்தக் குணம், பங்காளிச் சண்டையில் வரப்பைத் தகர்த்தவர்களுக்குப் புதிதன்று.

இத்துடன் அறியாமையும் சேர்ந்துகொள்கிறது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரு கட்சிகளின் ஆதரவாளர்களும் எப்படிப்பட்டவர்கள் என்று அமெரிக்கர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். குடியரசுக் கட்சியினரில் 38 சதவீதத்தினர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பதாக மக்கள் நினைத்தார்கள். உண்மை நிலவரம் சுமார் 2 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரில் 32 சதவீதத்தினர் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோர் என்று எண்ணினார்கள். உண்மையில் ஏறத்தாழ 6 சதவீதம். ஆக, மக்கள் வெறுப்பது பெரும்பாலும் தாமே வரைந்து வைத்திருக்கும் ஒரு சித்திரத்தை. அதில் அண்டை வீட்டுக்காரரின் முகம் இல்லை.

தலைவருக்கு இங்கேதான் வேலை வருகிறது. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலாளர், பகைக் குழுக்கள் ஒன்றோடொன்று பழகினால் வெறுப்பு தணிவதற்கு நான்கு நிபந்தனைகளைக் குறிப்பிட்டார்: சமமான நிலை, பொது இலக்கு, கூடிச் செய்யும் வேலை, நான்காவதாக அதிகாரத்தில் உள்ளவர்களின் ஒப்புதல். அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பழக்கம் வெறுப்பைக் குறைக்கிறது என்பது உறுதிப்பட்டது. நான்கு நிபந்தனைகளும் கட்டாயமல்ல என்றும், அவை இருக்கும்போது பலன் கூடுகிறது என்றும் தெரிந்தது. நான்காவது நிபந்தனையைப் பலர் வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே இந்த இயந்திரத்தின் அச்சாணியாகத் தோன்றுகிறது.

காரணம் ருவாண்டாவில் கிடைக்கிறது. 1994இல் நடந்த இனப்படுகொலைக்கு வானொலி தூபம் போட்டது உலகறிந்த செய்தி. பத்தாண்டு கழித்து வானொலி வழியாகவே சமரசத்தை வலியுறுத்தும் ஒரு நாடகத் தொடர் ஒலிபரப்பானபோது, எலிசபெத் லெவி பாலக் என்னும் உளவியலாளர் அதன் விளைவை ஓராண்டு தொடர்ந்து அளந்தார். சில ஊர்களில் அந்தத் தொடரையும், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய தொடரையும் மக்கள் கூடிக் கேட்டார்கள். சமரசத் தொடரைக் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. ஆனால் தம் சமூகத்தில் எது வழக்கம், எதைச் சொன்னால் பிறர் ஏற்பார்கள் என்ற கணிப்பு மாறியது, நடத்தையும் மாறியது. முடிவில் ஊருக்குப் பரிசாகக் கொடுத்த வானொலிப் பெட்டியை யார் பொறுப்பில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, சமரசத் தொடரைக் கேட்ட ஊரார் அதைக் கூட்டாகப் பராமரிக்க முனைந்தார்கள். மற்ற ஊர்களில் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடும் போக்கு காணப்பட்டது.

மனம் மாறுவதற்கு முன்பே வழக்கம் மாற முடியும் என்பது இதன் பொருள். மேடையில் நிற்கும் தலைவர் தம் தொண்டரின் உள்ளத்தைத் திருத்துவதில்லை. எதிர்ப்பக்கத்தாருடன் தேநீர் குடிப்பது துரோகம் ஆகாது என்று, எல்லாரும் பார்க்க, அனுமதி கொடுக்கிறார். அந்த அனுமதியை ஒருவர் தனியாக அறிந்தால் போதாது. பிறரும் அறிந்திருக்கிறார்கள் என்பதையும் அவர் அறிய வேண்டும். இரகசியச் சந்திப்பில் கைகுலுக்கிக்கொள்ளும் தலைவர்களால் இந்தப் பலன் விளையாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

யூட்டா விளம்பரம் பின்னர் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு பேராய்வு, 32,059 அமெரிக்கர்களிடம் 25 உத்திகளைச் சோதித்தது. அவற்றில் ஒன்று இந்த விளம்பரம். பெரும்பாலான உத்திகள் கட்சிப் பகைமையைக் குறைத்தன. எதிர்க்கருத்து கொண்ட, ஆனால் நம்மைப் போன்றே தோன்றும் இயல்பான மனிதர்களைக் காட்டியவையும், இரு தரப்புக்கும் பொதுவான அடையாளத்தை முன்வைத்தவையும் அதிகம் பலித்தன.

ஆனால் ஆய்வின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிராளியின் மீதான வெறுப்பு குறைந்தால் ஜனநாயக விரோத மனப்பான்மையும் தானே குறைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள், அப்படி நடக்கவில்லை. வாக்குச்சாவடி விதிகளைத் தம் கட்சிக்குச் சாதகமாக வளைக்கலாம் என்பது போன்ற எண்ணங்களைக் குறைத்த உத்திகள் சிலவே. எதிர்ப்பக்கத்தார் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று தவறான கணிப்பைத் திருத்தியவையும், ஜனநாயகம் சரிந்தால் நேரும் கதியைக் காட்டியவையும் அவற்றுள் முன்னிலை பெற்றன. அன்பு ஒரு நோய்க்கு மருந்து, சட்டத்தை மதிப்பது மற்றொரு நோய்க்கு மருந்து. ஒன்றுக்கு எழுதிய சீட்டைக் கொண்டு மற்றதை வாங்க முடியாது.

ஆளுநரான காக்ஸ், 2023இல் தேசிய ஆளுநர்கள் சங்கத்தின் தலைவரானபோது, மேலான முறையில் முரண்படுவோம் என்ற பொருள்தரும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வெவ்வேறு கட்சிகளின் ஆளுநர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து யூட்டா பாணி விளம்பரங்களில் தோன்றினார்கள். முதலில் ஒத்திவைத்த ஐயத்துக்கு, அதாவது இதற்கு என்ன விலை என்ற கேள்விக்கு, விடை 2024 ஏப்ரலில் கிடைத்தது. அடுத்த ஆளுநர் தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய யூட்டா குடியரசுக் கட்சி மாநாட்டில் சொந்தக் கட்சியினரே அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். பிரதிநிதிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அவருடைய போட்டியாளர் ஃபில் லைமனுக்கு வாக்களித்தார்கள். அந்தத் தோல்விக்குப் பல கொள்கைக் காரணங்களும் இருந்தன என்பதையும், அதே ஆண்டு ஜூலையில் காக்ஸ் டிரம்ப்பை ஆதரித்தபோது, அதுவரை அவரைப் போற்றியவர்களில் பலர் ஏமாற்றம் அடைந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

எனினும் ஜூன் மாதம் கட்சியின் பதிவுபெற்ற வாக்காளர்கள் அனைவரும் பங்கேற்கக்கூடிய, கட்சி வேட்பாளரை முடிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தலில் பாதிக்கும் சற்று மேலான வாக்குகளைப் பெற்றுக் காக்ஸே வென்றார். மாநாட்டு அரங்கை நிரப்பியவர்கள் தீவிரத் தொண்டர்கள். வாக்குச்சாவடிக்கு வந்தவர்களோ சாதாரண ஆதரவாளர்கள். பழைய விதிப்படி மாநாட்டில் 60 சதவீதம் பெற்றவருக்கே வேட்பாளர் இடம் கிடைத்துவிடும். அதன்படி காக்ஸ் மீண்டும் கட்சி வேட்பாளராகும் வாய்ப்பு மாநாட்டிலேயே பறிபோயிருக்கும். 28,000 கையெழுத்துகளைத் திரட்டினால் மாநாட்டின் தயவு இல்லாமலே முதற்கட்டத் தேர்தலில் நிற்கலாம் என்று 2014இல் யூட்டா சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம் அவரைக் காப்பாற்றியது.