வெயிலைத் தள்ளிவிடும் நுண்பாசி

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், ஓதம் இறங்கியதும் சேற்றின் மேல் பொன்பழுப்பாக மெல்லிய படலம் ஒன்று தெரியும். விரல் வைத்தால் வழுவழுக்கும். டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் கூட்டம் அது. கலங்கல் நீருக்கடியில் இருந்தவை சில மணி நேரத்தில் நேர் வெயிலில் கிடக்கின்றன. வெளிச்சம்தான் பாசிக்கு உணவு என்று படித்திருக்கிறோம். ஆனால் அது மிஞ்சினால் உயிருக்கே கேடு.

எல்லாம் வேகத்தால் வரும் வினை. பச்சையம் உறிஞ்சும் ஆற்றல் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு போன்ற நேரமே போதும். கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்கு வழிசெய்யும் ருபிஸ்கோ நொதியோ நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். வெயில் ஏற ஏற ஆற்றல் தேங்கும். அது ஆக்சிஜன் மீது இறங்கினால், செல்லையே அரிக்கும் வகை ஆக்சிஜன் பிறக்கும். ஒளியைப் பிடித்து வேலைக்கு மாற்றும் புரதக் கூட்டமான ஒளியமைப்பின் நடுவிலுள்ள டி1 புரதம்தான் முதலில் அடிபடும். அதைக் கழற்றிப் புதிதாகப் பொருத்தும் வேலை பகல் முழுக்க ஓயாது.

இதற்கு டயாட்டம் கண்டுகொண்ட வழி என்னை வியக்கவைக்கிறது. ஒளி வினை நடக்கும் சவ்வுப் பைகளுக்குள் புரோட்டான்கள் குவிந்து அமிலத்தன்மை கூடுகிறது. அந்த அமிலமே ஒரு நொதியைத் தூண்ட, டயாடினோசாந்தின் என்ற நிறமி சில நிமிடங்களில் டயாட்டோசாந்தினாக மாறுகிறது. அதன்பின், உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறிவிடும். தனியாக உணர்கருவி எதுவும் வேண்டியதில்லை. தேக்கமே தேக்கத்துக்கு மருந்தைத் தேடிக்கொள்கிறது. போதாக்குறைக்குச் சேற்று டயாட்டங்கள் நகரக்கூடியவை. வெயில் கடுமையானால் சற்றுக் கீழே இறங்கிக்கொள்ளும்.

அளவு மட்டுமல்ல, விகிதமும் பொருந்த வேண்டும். ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சேர்க்க, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூன்றும், எலக்ட்ரானைச் சுமந்து தரும் என்.ஏ.டி.பி.எச். இரண்டும் தேவை. ஒளி வினையில் எலக்ட்ரான் நீரிலிருந்து என்.ஏ.டி.பி.எச். வரை நேர்வழியில் ஓடும்போது ஏ.டி.பி. சற்றுக் குறைவாகவே கிடைக்கும். பச்சைப் பாசிகள் எலக்ட்ரானை அதே பாதையில் மீண்டும் சுற்றவிட்டு அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. டயாட்டத்தில் மைட்டோகாண்ட்ரியா கைகொடுக்கிறது. மிஞ்சிய எலக்ட்ரான் ஆற்றல் அங்கே போய், ஏ.டி.பி.யாகத் திரும்புகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறு செம்மண் நிறமாகும்போது கணக்கு தலைகீழாகிறது. மங்கிய ஒளியைச் சேர்க்க, செல்கள் சில நாட்களில் நிறமியைக் கூட்டிக்கொள்கின்றன. திடீரென வெயில் அடித்தால் அதிகம் திணறுவதும் இப்படி நிறமி கூட்டியவைதான். இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கீட்டோசெராஸ் என்ற டயாட்டத்தை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். நிழலில் பெருகிய வளர்ப்பை வெயில் தொட்டிக்குப் படிப்படியாக மாற்றுவதே நல்லது.