சுடுதளத்துக் காலித் தோட்டாக்களை எடுத்துச் செல்லலாமா: ஆயுதச் சட்டம் சொல்வது என்ன?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் இருவகைப்படுவர். பயிரையும் உயிரையும் காத்துக்கொள்ள உரிமம் வாங்கிய விவசாயிகள் ஒரு வகையினர். குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பயில்பவர்கள் மற்றொரு வகையினர். காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்த பிறகு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களின் தேவை எல்லையோர ஊர்களில் கூடியிருக்கிறது. இவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: சுட்டு முடித்த பின் தரையில் கிடக்கும் பித்தளை உறைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாமா, அவற்றில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்தலாமா என்பதே அது. இவை ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் சட்டத்தின் முன் இரண்டு கேள்விகள்; இரண்டுக்கும் விடை வேறு.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: உறை, அடிப்பகுதியில் இருந்து அடிபட்டதும் தீப்பற்ற வைக்கும் சிறு மூடியான கேப், உள்ளே இருக்கும் வெடிமருந்து, முனையில் இருக்கும் ஈயக்குண்டு. சுட்டவுடன் கேப்பில் உள்ள தீப்பற்றும் பொருளும் மருந்தும் எரிந்துவிடுகின்றன, குண்டு போய்விடுகிறது, உறையும் அதில் பதிந்த வெற்றுக் கேப்பும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து மீண்டும் சுருங்கும் தன்மை உடையது என்பதால்தான் அதைத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் உருவானது. ஆனால் நம் சுடுதளங்களில் மிகுதியாகக் கிடப்பவை .22 ரக உறைகள். அவற்றில் தீப்பற்றும் பொருள் தனிக் கேப்பாக இல்லாமல் உறையின் விளிம்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பதால், ஒருமுறை சுட்ட உறையை மறுபடி நிரப்புவது நடைமுறையில் இயலாது. ஆகவே அவற்றை மறுநிரப்பலுக்கென்று சேர்த்து வைப்பவர் பயனில்லாத ஒன்றுக்காகச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறார்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2-ஆம் பிரிவில் தோட்டா முதலியவற்றுக்குத் தரும் வரையறை மிக விரிந்தது. முழுத் தோட்டா மட்டுமல்லாமல் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. 3-ஆம் பிரிவின்படி இவற்றை உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது. இதை மட்டும் படித்தால், நினைவுப் பொருளாக ஒரு காலி உறையை மேசையில் வைத்திருப்பவரும் குற்றவாளியோ என்ற அச்சம் எழும். அந்த அச்சத்தைத் தணிப்பது 45-ஆம் பிரிவின் (டி) உட்பிரிவு. ஆயுதத்தின் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களை ஒருவர் வைத்திருந்து, தாமோ வேறொருவரோ வைத்திருக்கும் மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லையென்றால், அவருக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது கூறுகிறது.

இந்த ஒரு வாக்கியத்தை உரிமதாரர்கள் ஒவ்வொருவரும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனெனில் முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. உறை ஒன்றுதான், அதனோடு என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதே அதன் சட்ட நிலையை மாற்றுகிறது. அலமாரியில் தனியே கிடக்கும் பத்து உறைகளுக்கு இந்த விலக்கைக் காட்ட இடம் உண்டு. அதே பத்து உறைகளுக்குப் பக்கத்தில் கேப்பும் மருந்தும் நிரப்பும் கருவியும் இருந்தால், ‘சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லை’ என்ற வாதம் நிற்காது. மற்றப் பாகங்கள் தம்மிடம் இல்லாமல் நண்பரிடம் இருந்தாலும் இதே நிலைதான்; ‘வேறொருவரோ’ என்று சட்டம் சேர்த்திருப்பது அதற்காகவே.

மருந்து நிரப்பித் தோட்டாவாக்குவது 5-ஆம் பிரிவைத் தொடுகிறது. தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும் என்பது அப்பிரிவு. துப்பாக்கி வைத்திருக்கக் கிடைத்த சாதாரண உரிமம் அதற்குப் போதாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் சிறை என்று தண்டனை உயர்ந்துள்ளது. உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. இதற்கு மேல், வெடிமருந்தும் கேப்பும் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் வீட்டில் நிரப்பிப் பார்ப்பவர் இந்த இரண்டு சட்டங்களையும் ஒருசேர மீறும் நிலைக்கு ஆளாகக்கூடும். அயல்நாட்டுக் காணொளிகளில் இது சமையலறை வேலைபோலக் காட்டப்படுவதைக் கண்டு நம் இளைஞர்கள் முயன்றுவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

அடுத்தது, உறை யாருக்குச் சொந்தம் என்பது. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய தோட்டாவின் உறை உங்களுடையது என்றாலும், சுடுதளத்தின் விதி வேறாக இருக்கலாம். கிளப் வழங்கிய தோட்டா என்றால் கணக்குக் காட்ட உறைகளை அவர்களே திரும்பப் பெறுவார்கள். சில மாநிலங்களில் புதுத் தோட்டா வாங்கும்போது பழைய காலி உறைகளை ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறையும் உண்டு என்பதால், எறிந்துவிடும் முன் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளைப் பார்ப்பது நல்லது. காவல்துறையோ ராணுவமோ பயிற்சி செய்யும் இடத்தில் கிடப்பவை அரசின் சொத்து. அவற்றைப் பொறுக்கி, நம் பக்கத்தில் ஆக்ரிக்கடை எனப்படும் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடுவது திருட்டாகும். அரசுச் சொத்தைத் திருடினால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். மேலும், அங்கே வெடிக்காத குண்டுகளும் கிடக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பவே கூடாது.

சுடுதளத்திலும் காலி உறைகளுக்கு நடுவே வெடிக்காத தோட்டா கலந்திருப்பது உண்டு. கேப்பில் குழி விழுந்திருப்பதை மட்டும் பார்த்து அது காலி என்று முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் அடிபட்டும் வெடிக்காத தோட்டாவிலும் அதே குழி இருக்கும். வாய் திறந்து உள்ளே வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் தொடாமல் சுடுதளப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். உறையில் ஈயக்கசடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், எடுத்த கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

கோவை விமான நிலையத்துக்குப் போகும் முன், சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓரத்தில் சிக்கிய ஒரு தோட்டாவுக்காக விசாரணையைச் சந்தித்தவர்கள் நாட்டில் பலர். தம்மிடம் இருப்பதை அறிந்து வைத்திருந்தால்தான் அது ‘வைத்திருத்தல்’ ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் விளக்கியிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லும் இடம் பெரும்பாலும் நீதிமன்றம். அதுவரை பயணமும் வேலையும் தடைபடும். வாளையாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் துப்பாக்கியோடு செல்பவர்கள், தம் உரிமம் செல்லும் எல்லையில் தமிழ்நாடும் அடங்குகிறதா என்பதையும் உரிமப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறைகளை வைத்துக்கொள்ள விரும்புபவர், சுடுதளப் பொறுப்பாளரிடம் தேதி, ரகம், எண்ணிக்கை குறித்து ஒரு கடிதம் வாங்கி உரிமப் புத்தகத்தோடு வைப்பது மிக எளிய பாதுகாப்பு. மறுநிரப்பல் பற்றிய ஐயத்தை உரிமம் வழங்கும் அதிகாரியான மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் கேட்கலாம். மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை அளித்திருக்கிறது. மனுவின் மேற்பகுதியில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.