மவுண்ட்: ஏத்துறதா, பொருத்துறதா?

மவுண்ட்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு மவுண்ட் ரோடுதான் ஞாபகம் வரும், சிஸ்டம் பாக்கறவங்களுக்கு மட்டும் வயித்தக் கலக்கும். ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான். லத்தீன்ல மோன்ஸ்னா மலை. ஏற்காட்டுல 1917லேர்ந்து இருக்கற மான்ட்ஃபோர்ட் ஸ்கூல் பேர்லயும் அந்த மலைதான் ஒளிஞ்சிருக்கு (அது ஒரு புனிதரோட பேரு, சேர்வராயன் மலைக்காக வச்சதில்ல). மலைங்கற சொல்லு பிரெஞ்சுல 'மேல ஏறு'ன்னு வினையாகி, இங்கிலீஷ்ல குதிரை ஏறுறதுக்கும் பீரங்கிய வண்டில ஏத்துறதுக்கும் படத்த சட்டத்துல பொருத்துறதுக்கும் புழங்கி, கடைசில ஒன்ன இன்னொன்னுல அசையாம உக்கார வைக்கிறதுன்னு அர்த்தம் விரிஞ்சுருச்சு.

கம்ப்யூட்டருக்கு வந்தது இந்த கடைசி அர்த்தத்துலதான். அந்தக் காலத்துல டேப் சுருளையும் டிஸ்க் பேக்கையும் ஆபரேட்டர் கையால தூக்கிட்டு வந்து மெஷின்ல மாட்டணும், அதுக்குப் பேரு மவுண்ட். 1971ல வந்த, யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட முதல் மேனுவல்லயே மவுண்ட் கமாண்ட் இருக்கு. இப்ப யாரும் எதையும் தூக்கறதில்ல, சொல்லு மட்டும் தங்கிருச்சு.

இன்னிக்கு என்ன அர்த்தம்னா, வேற டிஸ்க்கையோ வேற மெஷின்ல ஷேர் பண்ணின ஃபோல்டரையோ நம்ம சிஸ்டத்துல இருக்கற ஒரு ஃபோல்டர்ல கொண்டாந்து பொருத்தி, அது இங்கயே இருக்கற மாதிரி காட்டுறது. காப்பி பண்றது இல்ல, இதுல நெறைய பேர் குழம்புறாங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டைல ஒரு வெள்ளிப் பட்டறைன்னு வச்சுக்கங்க, கொலுசு டிசைன் எல்லாம் விண்டோஸ் மெஷின்ல, பில் போடறது லினக்ஸ்ல. லினக்ஸ்ல மவுண்ட் ஆன ஃபோல்டர்ல ஒரு டிசைன அழிச்சா விண்டோஸ்லயும் போயிரும், 'நான் இங்கதானே அழிச்சேன்'னு அப்புறம் சொல்லி புண்ணியமில்ல.

தமிழ்ல என்ன சொல்றது? 'ஏற்று'ன்னா நேர் சொல்லுதான், ஆனா லோட், அப்லோட் எல்லாத்துக்கும் ஏற்கெனவே அதத்தான் போட்டுட்டோம், இதையும் ஏத்துனா தாங்காது. 'இணை' ரொம்பப் பொது, வைஃபையும் இணைக்கிறோம், ப்ளூடூத்தும் இணைக்கிறோம். தறில புதுப் பாவோட நூல பழைய பாவு முனையோட சேக்கறதுக்கு நம்ம பக்கம் 'பிணைக்கிறது'ம்பாங்க, எனக்கு அது ரொம்பப் புடிக்கும், ஆனா பிணைன்னா ஜாமீன்னும் படிப்பாங்களே. என் ஓட்டு 'பொருத்து'க்குத்தான். மவுண்ட் பாயின்ட் பொருத்துமிடம், அன்மவுண்ட் கழற்று. இன்னொரு வசதி, பொருத்துக்குப் பக்கத்துலயே 'பொருந்து' நிக்குது. வேற வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவுல வர்ற தகராறுல பெரும்பாலானது, பொருத்தப் போனோம், ஏதோ ஒன்னு பொருந்தலங்கற கதைதான்.

முதல்ல பாஷை பொருந்தணும். விண்டோஸ் ஷேர் பேசுறது எஸ்எம்பி, 1983ல ஐபிஎம்ல பேரி ஃபைகன்பாம் எழுதுனது. யூனிக்ஸ் பக்கம் என்எஃப்எஸ், 1984ல சன் கம்பெனி கொண்டாந்தது. லினக்ஸ எஸ்எம்பி பேச வைக்கறதுதான் சாம்பா. 1992ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் ஆரம்பிச்சாரு, எஸ், எம், பி மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தைய டிக்‌ஷனரி ஃபைல்ல தேடி வச்ச பேருதான் அது, டான்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஒரே எஸ்எம்பி பேசினாலும் வெர்ஷன் ஒத்து வரணும். பழைய என்ஏஎஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி) 1.0 மட்டும்தான் தெரியும், புது லினக்ஸ் 2.1க்குக் கீழ எறங்காது, பெட்டி குத்துக்கல்லாட்டம் ஓடிட்டிருக்கும், ஆனா எர்ரர் 112, 'ஹோஸ்ட் இஸ் டவுன்'னு வரும். வெர்ஷன் 1.0ன்னு கையால குடுத்தா ஓடத்தான் செய்யும், ஆனா 2017ல வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் பரவினது அந்தப் பழைய 1.0ல இருந்த ஓட்டை வழியாத்தான், அதனால பெட்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பெட்டியவே மாத்துங்க.

அடுத்து ஆள். எர்ரர் 13, 'பெர்மிஷன் டினைட்'. விண்டோஸ்ல லாகின் பண்ற நாலு நம்பர் பின் இங்க செல்லாது, அக்கவுண்டோட முழு பாஸ்வேர்டுதான் வேணும், பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் ஷேர விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2லேர்ந்து சும்மா தொறக்கவும் விடாது. ஷேர் பெர்மிஷன் ஒன்னு, ஃபைல் பெர்மிஷன் ஒன்னு, ரெண்டுலயும் உங்க பேரு இருக்கணும். சரி மவுண்ட் ஆயிருச்சு, படிக்க முடியுது, எழுத முடியலயா? லினக்ஸ் எல்லா ஃபைலையும் ரூட்டோடதுன்னு, அதாவது அட்மின் அக்கவுண்டோடதுன்னு காட்டிட்டு இருக்கும், மவுண்ட் ஆப்ஷன்ல உங்க யூஐடி, ஜிஐடி (யூசர் நம்பரும் குரூப் நம்பரும்) குடுங்க.

ஃபைலுக்கு 'கொலுசு'ன்னு பேரு வச்சா வர்ற மேட்டர் ஒன்னு பாக்கி. கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு நம்பர் குடுக்கற யூனிகோட்ல 'கொ'ங்கற எழுத்த ரெண்டு விதமா எழுதலாம், ஒகரக் குறி முழுசா ஒரே குறியா, இல்ல ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனியா. மேக் கம்ப்யூட்டரோட பழைய ஃபைல் சிஸ்டம் பிரிச்சு வைக்கும், லினக்ஸ் குடுத்தத அப்படியே வைக்கும். அதனால மேக்லேர்ந்து என்எஃப்எஸ் வழியா வந்த கொலுசும் லினக்ஸ்ல டைப் பண்ண கொலுசும் ஒரே ஃபோல்டர்ல ரெண்டு ஃபைலா நிக்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, தேடினா ஒன்னுதான் கெடைக்கும். மேக்ல மவுண்ட் பண்றப்ப என்எஃப்சிங்கற ஆப்ஷன் போட்டா சேத்து அனுப்பும்.

கழற்றுறதுக்கான கமாண்ட்ல அன்மவுண்டோட முதல் 'என்' கெடையாது, யூமவுண்ட்தான். 'டார்கெட் இஸ் பிஸி'ன்னா யாரோ அந்த ஃபோல்டருக்குள்ள டெர்மினல தொறந்து வச்சிருக்காங்க, பெரும்பாலும் நாமதான். கழட்டுனதும் பொருத்துமிடம் காலியா இருக்கணும், அங்க ஃபைல் கிடந்தா, முன்ன என்னிக்கோ மவுண்ட் ஆகாதப்ப அது தெரியாம நம்ம டிஸ்க்லயே சேவ் பண்ணது, மேல ஷேர் வந்து உக்காந்ததும் மறைஞ்சு போச்சு. காணாப்போன பில்லெல்லாம் அங்க தேடிப் பாருங்க.