டி டிரைவ் எங்கே போனது?

பழைய வண்ணாரப்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர், கணினி மெதுவாகிவிட்டது என்று விண்டோஸை மறுபடி நிறுவ உட்கார்ந்திருக்கிறார். நிறுவும்போது வரும் திரையில் சி, டி என்ற பழகிய எழுத்துகள் இல்லாமல் வெறும் எண்களும் அளவுகளும் மட்டுமே வரிசையாக நின்றதால், குழம்பிப்போய், டிஸ்க்கின் தனித்தனிப் பிரிவுகளான பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் ‘டெலீட்’ செய்து, மொத்த இடத்தையும் ஒன்றாக்கி, ஃபார்மட்டும் கொடுத்துவிட்டார். விண்டோஸ் பாதி ஏறியபோதுதான் காசிமேட்டுக் கல்யாணங்கள், ராயபுரத்து ஞானஸ்நானங்கள், மஞ்சள் நீராட்டு விழாக்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தது நினைவுக்கு வந்திருக்கிறது; உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். “டி டிரைவையே காணோம், மொத்தமும் ஒரே துண்டா நிக்குது. போட்டோ எல்லாம் அவ்வளவுதானா சார்?” என்று கேட்கிறார்.

அநேகமாக அவ்வளவுதான் இல்லை. பிளக்கைப் பிடுங்கியதுதான் அன்று அவர் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம்.

ஹார்டு டிஸ்க்கில் தகவல் 512 பைட் கொண்ட செக்டர்களாக எண்ணப்படுகிறது என்பதும், ஒரு டெராபைட் டிஸ்க்கில் அப்படி 195 கோடிக்கும் சற்று அதிகமான செக்டர்கள் இருக்கின்றன என்பதும் பலருக்கும் தெரிந்ததே. அவருடையதைப் போன்ற பழைய கணினிகளில், இவற்றுள் முதல் செக்டரில் எம்.பி.ஆர். என்ற பதிவு இருக்கிறது. 1983-ல் ஐ.பி.எம். கணினிகளின் இயங்குதளமான டாஸின் 2.0 பதிப்போடு வந்த ஏற்பாடு இது. அதன் முதல் 446 பைட்டுகள் கணினியைக் கிளப்பும் நிரலுக்கு. கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்ற அடையாள எண்களுக்கு. இடையிலுள்ள 64 பைட்டுகளில்தான் நான்கு பார்ட்டிஷன்களின் விவரமும், ஒன்றுக்கு 16 பைட் என்ற கணக்கில் அடங்குகிறது. எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், எந்த வகை என்பதற்கு மேல் அந்தப் பதினாறு பைட்டுகளில் முக்கியமாக எதுவும் இல்லை. நாம் ‘டெலீட்’ என்று அழுத்தும்போது பூஜ்ஜியமாவது இந்தப் பதினாறு பைட்டுகள்தான். பத்திரம் தொலைந்தால் வீடு இடிந்துவிடுவதில்லை. எண்ணூறுக்கும் அதிகமான ஜிபி அளவுள்ள படங்களும் அப்படியேதான் காந்தப் பரப்பில் கிடக்கின்றன.

புதிய கணினிகளில் உள்ள ஜி.பி.டி. முறையில் இந்தப் பட்டியலுக்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகல் உண்டு. ஆனால் நாமே பார்ட்டிஷனை அழித்தால் மென்பொருள் இரண்டு பட்டியல்களையும் ஒழுங்காகத் திருத்திவிடும் என்பதால், தற்செயலாகப் பழுதான பட்டியலுக்கு அந்த நகல் உதவுமே தவிர, கைப்பிழைக்கு உதவாது.

ஆகவே கேள்வி இதுதான்: பட்டியல் இல்லாத டிஸ்க்கில், டி டிரைவ் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கான விடைதான். எல்லைகளைப் பட்டியல் மறந்தாலும் பார்ட்டிஷன் தன் எல்லையைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்குக் கோப்பு முறை என்று பெயர். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் செக்டரான பூட் செக்டரில், நான்காவது பைட் தொடங்கி என்.டி.எஃப்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருக்கும். அதே செக்டரில் இந்தக் கோப்பு முறை எத்தனை செக்டர் நீளம் என்ற எண் உண்டு. கோப்புகளின் பேரேடான எம்.எஃப்.டி. எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணும் உண்டு. இவற்றோடு, இந்த பூட் செக்டரின் நகல் ஒன்று பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைக்கப்படுகிறது. மீட்பு மென்பொருள் செய்வதெல்லாம் டிஸ்க்கை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், இந்த எழுத்துகள் கண்ணில் படும் இடத்தில் நின்று, அங்குள்ள எண்களை விசாரிப்பதுதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். வாசகரின் சி டிரைவ் 120 ஜிபி என்று வைத்துக்கொண்டால், டி டிரைவ் தொடங்கியது 25,16,60,288-ஆம் செக்டராக இருக்கும். மென்பொருள் அங்கே ஒரு பூட் செக்டரைக் காண்கிறது; அதில் நீளம் 1,70,18,63,423 என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 1,95,35,23,711. அந்த செக்டருக்குப் போய்ப் பார்த்தால் நகல் இருக்க வேண்டும். இருந்தால் தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று சாட்சியாகிவிட்டன. மாறாக, தொடக்கம் அழிந்து நகல் மட்டும் எஞ்சியிருந்தால் அதே எண்ணைக் கழித்துத் தொடக்கத்தைப் பிடிக்கலாம். கண்டுபிடித்தது அசலா நகலா என்பது பார்த்தவுடன் தெரியாது, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆகவே மென்பொருள் இரண்டு வகையாகவும் கணக்கிட்டுப் பார்க்கிறது.

வாசகரின் விஷயத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மொத்த இடத்தையும் ஒன்றாக்கி ஃபார்மட் செய்தபோது, புதிய பெரிய பார்ட்டிஷனும் தன் நகலைக் கடைசி செக்டரில் எழுதியிருக்கும். பழைய டி டிரைவின் நகல் இருந்ததும் அதே செக்டர்தான் என்பதால் அது போயிற்று. அங்கே போய்ப் பார்க்கும் மென்பொருளுக்கு வேறொருவரின் சாட்சியம்தான் கிடைக்கும். இந்த இடத்தில் மூன்றாவது சாட்சி வருகிறது. பூட் செக்டர் சொல்லும் இடத்தில், வழக்கமாகப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி, எம்.எஃப்.டி. இருக்க வேண்டும். நம் கணக்கில் அது 25,79,51,744-ஆம் செக்டர். எம்.எஃப்.டி.யின் ஒவ்வொரு பதிவும் 1,024 பைட். ஒவ்வொன்றும் ‘ஃபைல்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அந்த செக்டரில் அந்த எழுத்துகள் நின்றால், டி டிரைவின் தொடக்கத்தைச் சந்தேகமில்லாமல் எழுதிக்கொள்ளலாம். புதிதாக ஏறிய விண்டோஸோ பெரும்பாலும் டிஸ்க்கின் முற்பகுதியில், பழைய சி டிரைவ் இருந்த இடத்தில்தான் எழுதியிருக்கும். நடுவில் இருந்த பேரேடு தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் இதே வேலை இன்னும் அழகாக நடக்கிறது. அங்கே சூப்பர்பிளாக் என்ற தலைமைப் பதிவுக்கு 61,267 என்ற அடையாள எண் உண்டு. கோப்பு முறை முழுவதும் பொதுவாக 128 எம்பி அளவுள்ள தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 1-ஆம் தொகுதியிலும், 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளான 9, 25, 27, 49 போன்ற தொகுதிகளிலும் இந்தப் பதிவின் நகல்கள் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு நகலும் தான் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்ற எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதுதான் இதில் நுட்பமான விஷயம். 13,12,768-ஆம் செக்டரில் ஒரு நகல் கிடைத்து, அது தன்னை 5-ஆம் தொகுதி என்று சொன்னால், ஐந்து தொகுதிகளுக்கான 13,10,720 செக்டர்களைக் கழிக்க வேண்டும், தொடக்கம் 2,048 என்று வருகிறது. இன்னொரு நகல் 18,37,056-இல் கிடைத்து, 7-ஆம் தொகுதி என்கிறது. ஏழு தொகுதிகளுக்கான 18,35,008-ஐக் கழித்தால் அதுவும் 2,048. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. முன்பகுதி முழுவதும் அழிந்து, நடுவிலுள்ள ஒரேயொரு செக்டர் தப்பித்தாலும் தொடக்கத்தைச் சொல்லிவிடலாம் என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது, இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சாட்சிகளில் பொய்ச் சாட்சிகளும் உண்டு. பல வருடங்களுக்கு முன் அதே டிஸ்க்கில் வேறு அளவில் பிரித்திருந்த பார்ட்டிஷனின் மிச்சம், அல்லது விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) கோப்பு ஒன்றுக்குள் அடங்கிய முழு பார்ட்டிஷன், இவையெல்லாம் அதே அடையாள எழுத்துகளோடு கிடைக்கும். மென்பொருள் காட்டும் முதல் விடையையே டிஸ்க்கில் எழுதச் சொல்லக் கூடாது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள், கண்டுபிடித்த பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்களை, எதையும் எழுதுவதற்கு முன்னரே பட்டியலிட்டுக் காட்டும். அங்கிருந்தே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கவும் விடும். பட்டியலில் மணமக்கள் பெயரிட்ட ஃபோல்டர்கள் தெரிந்தால், நகலெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதே போதும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, அதே அளவோ கூடுதலோ உள்ள இன்னொரு டிஸ்க்கில் செக்டருக்குச் செக்டர் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் மேற்சொன்ன ஆராய்ச்சி எல்லாம் செய்ய வேண்டும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்குப் பொருத்தமானது. படிக்க முடியாத செக்டரில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், எஞ்சியதைப் பிறகு முயன்று பார்க்கும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவுவதும், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போது சரி என்பதும், டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாதவை.

பேரேடும் அழிந்துபோயிருந்தால், கோப்புகளை அவற்றின் முகத்தைப் பார்த்தே பொறுக்க வேண்டியதுதான். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். டெஸ்ட்டிஸ்க்கின் கூடப்பிறந்த ஃபோட்டோரெக் அவற்றைத் தேடி எடுத்துவிடும். கோப்பின் பெயரும் ஃபோல்டரும் மட்டும் கிடைக்காது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்திருப்பதால், அதைக் கொண்டு வரிசைப்படுத்தினால் எது எந்த வீட்டுக் கல்யாணம் என்பதை ஸ்டூடியோக்காரர் முகூர்த்த நாட்குறிப்பை வைத்தே பிரித்துவிடுவார்.

இந்த விஷயத்தைச் சுற்றி மூடநம்பிக்கைகள் ஏராளம். ஆயுத பூஜையன்று கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஹார்டு டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் படங்கள் திரும்ப வரும் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரம் படிந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்தால், இருந்த வாய்ப்பும் போகும். எதிர்ப்பக்கத்தில், தகவலை ஒழிக்க 35 முறை மேலெழுத வேண்டும் என்ற நம்பிக்கை. 1996-ல் பீட்டர் கட்மன் எழுதிய ஆய்வுரையிலிருந்து அது கிளம்பியது. அக்காலத்து வெவ்வேறு வகை டிஸ்க்குகளை மனத்தில் வைத்து அவர் சொன்னதைப் பேயோட்டும் மந்திரம் போலாக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே அலுத்துக்கொண்டார். இன்றைய ஹார்டு டிஸ்க்கில் முழுக்க ஒருமுறை மேலெழுதினாலே போதும். அந்த ஒருமுறைகூடச் செய்யாமல், விரைவு ஃபார்மட்டை நம்பிப் பழைய கணினியைக் காயலான் கடையில் போடுகிறவர்கள், தம் வீட்டுப் படங்களையும் சேர்த்தே எடைக்குப் போடுகிறார்கள்.

மேலே சொன்ன மூன்று கருவிகளும் இலவசம், மூலநிரலும் திறந்தது, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பில் நிற்பவை. அரசு அலுவலகங்கள் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள்களுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு இத்தகைய கருவிகளுக்கும், இவற்றைத் தமிழில் கற்பிக்கும் பாடங்களுக்கும் போனால் தவறில்லை என்பது என் கருத்து. தண்டையார்பேட்டை பாலிடெக்னிக் மாணவர் ஒருவருக்கு பூட் செக்டரைப் படிக்கக் கற்றுத்தர ஒரு பழைய டிஸ்க்கும் ஒரு பிற்பகலும் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் கதை வேறு: ஃபார்மட் செய்த கணத்திலேயே விண்டோஸ் ‘ட்ரிம்’ என்ற கட்டளையை அனுப்பி, இந்த இடமெல்லாம் இனித் தேவையில்லை என்று சொல்லிவிடும், எஸ்.எஸ்.டி. தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையாகவே துடைத்துவிடும், மின்சாரம் கிடைத்தால் போதும். வாசகரிடம் இருப்பது பழைய ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

கடைசியாக அவருக்கு ஒரு குறிப்பு. மீட்ட படங்களைச் சிறு உருவப் பட்டியலில் பார்த்துத் திருப்தியடைந்துவிட வேண்டாம். ஜேபெக் கோப்புக்குள் முன்னோட்டத்துக்கென்று தனியாக ஒரு குட்டிப் படம் பொதிந்திருக்கிறது. பெரிய படத்தின் பின்பாதி வேறு தகவலால் அழிந்திருந்தாலும், கோப்பின் முன்பகுதியில் உள்ள அந்தக் குட்டிப் படம் பளிச்சென்றே தெரியும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படங்களையாவது முழு அளவில் திறந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய டிஸ்க்கில் மறுபடி விண்டோஸை ஏற்றுங்கள்.