பாறைப் போன்சாய்: மரத்துக்கு முன் கல்லைக் கவனியுங்கள்

பாறைமேல் போன்சாய், அதாவது கல்லோடு சேர்த்து வளர்க்கும் குட்டை மரம் செய்ய வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கல்லோடுதான் வருகிறார்கள். மரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கல்லைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். கல்தானே, கழுவி வைத்தால் போதாதா என்ற நினைப்பு. ஆனால் பட்டுப்போகும் நிலையில் என்னிடம் வரும் பாறைப் போன்சாய்களில் பலவும் கெட்டது கல்லால்தான். அதைவிட எனக்குப் பெரிய கவலை, கல்லைத் துளைக்கிறவர் தன் நுரையீரலைப் பற்றி யோசிக்காமல் இருப்பது.

முதலில், கல் எங்கிருந்து வந்தது? ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போய்வந்தவர்கள் ஓட்டை ஓட்டையாக அழகாக இருக்கிறதென்று பவளக்கல்லைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தை எடுப்பது குற்றம். செத்த பவளமும் அதில் சேர்த்திதான். காப்புக்காட்டுக்குள் கிடக்கும் கல்லிலும் கை வைக்காதீர்கள். கல் பட்டறையில் கழிவாக ஒதுக்கிய துண்டுகளிலேயே அருமையான பாறைகள் கிடைக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

எடுத்த கல்லைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நம் சிற்பிகள் ஓசையைக் கேட்டே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள், ஓசையே எழாத கல்லை ஒதுக்கிவிடுவார்கள். நமக்கும் அந்தச் சோதனை போதும். ‘ணங்’ என்றால் கல் உறுதி. ‘பொத்’ என்றால் உள்ளே கீறல் இருக்கலாம், துளை போடும்போது இரண்டாகப் பிளந்து கையில் வந்துவிடும். ஆனால் செம்புறாங்கல்லுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது இயல்பிலேயே மந்தமாகத்தான் ஒலிக்கும். நீரைப் பிடித்துவைப்பதால் வேருக்கு நல்லது, விளிம்புகள் மட்டும் உதிரும்.

அப்புறம் சுண்ணாம்பு. கல்லின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி, இரண்டு சொட்டு வினிகர் விட்டுக் கண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். ஆல், அத்தி வகைகள் அதைச் சகித்துக்கொள்ளும். புளிப்பு மண் கேட்கும் அசேலியா என்ற பூச்செடியை, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஆசையாக வளர்ப்பார்களே, அதை அந்தக் கல்லில் வைத்தால் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். கடற்கரைக் கல் என்றால் உப்பு போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் சில வாரம் ஊறப்போட வேண்டும். பாசியை ஒழிக்கிறேன் என்று கல்லை அடுப்பிலோ தீயிலோ போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியானால் கல் வெடித்துச் சிதறும். பிரஷ்ஷும் தண்ணீரும் போதும்.

இப்போது துளை. மரத்தைக் கட்டக் கம்பி வேண்டும், கம்பி நிற்கத் துளை வேண்டும். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிகா கனிமம் நிறைய உண்டு. காய்ந்த கல்லைத் துளைத்தாலோ கிரைண்டரால் அறுத்தாலோ கிளம்பும் தூசியில், கண்ணுக்கே தெரியாத சிலிகா நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். கல் குவாரித் தொழிலாளர்களை வாட்டும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இதனால்தான் வருகிறது. வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. பொழுதுபோக்காக எப்போதோ ஒரு கல் அறுப்பவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் மாடியில் குழந்தைகள் பக்கத்தில் விளையாட, கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு கிரைண்டர் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்குட்டை எதையும் தடுக்காது.

நான் செய்வது இதுதான். துளை போடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் விரற்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டி, அதற்குள் தண்ணீர் விடுவேன். தண்ணீருக்கு அடியில்தான் டிரில் பிட் சுற்றும். தூசி பறக்காமல் சாம்பல் நிறக் குழம்பாக அங்கேயே தங்கிவிடும், பிட்டும் சூடேறாது. அந்தக் குழம்பைக் காயவிடாமல் ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும், காய்ந்தால் மறுபடி தூசிதான். இவ்வளவுக்கும் மேலே என்95 முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்வேன். தண்ணீர் இருப்பதால் ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் டிரில்தான் பாதுகாப்பு. விளிம்புக்கு அருகில் டிரில்லின் ஹேமர் மோடை (இடித்து இடித்துத் துளைக்கும் முறை) தொடவே வேண்டாம், கல் தெறிக்கும்.

கம்பிக்கான துளைக்கு 5 மி.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. ஆழம் போதும். அலுமினியக் கம்பியை மடித்து உள்ளே விட்டு, எம்-சீல் போன்ற பசையால் அடைத்து ஒருநாள் விடுங்கள். ஈயத்தை அடித்து இறுக்குவது பழைய முறை. ஈயம் நஞ்சு என்று தெரிந்த பிறகும் அதை ஏன் கையாள வேண்டும்?

ஜப்பானியர் பாறைப் போன்சாயை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். கல்லின் பள்ளத்திலேயே மரம் வாழ்வது ஒன்று. வேர் கல்லைத் தழுவி இறங்கித் தொட்டி மண்ணுக்குப் போவது இன்னொன்று. முதல் வகைக்குப் பள்ளத்தின் அடியில் வடிகால் துளை கட்டாயம், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகும். இரண்டாவதற்கு வேர் போகும் பாதையில் சொரசொரப்பான பள்ளக்கோடு வேண்டும். வழவழப்பான ஆற்றுக்கல்லில் வேர் பிடிக்காமல் விலகி நிற்கும். இதற்கு அத்தி இனத்தை மிஞ்ச ஆளில்லை. கோயில் கோபுரத்தில் அரச மரம் எப்படிப் பிடித்து நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கருங்கல் கொதிக்கும். வேர் தடிக்கும்வரை அதை வெளியே காட்டாமல் மண்ணுக்குள்ளேயே வைத்திருங்கள்.

எடையையும் யோசியுங்கள். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. மாடி ஓரச் சுவரில் வைக்கிற பொருள் அல்ல.

எல்லாம் முடிந்ததும், மரமில்லாமல் வெறும் கல்லின்மேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றி, அது எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்கு இன்னொரு துளை போட்டுவிட்டு, பிறகு செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள்.