அரைஞாண்கொடி ஏன் கறுத்தது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேரனுக்குப் போட்ட வெள்ளி அரைஞாண்கொடி இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டதாம். கோவையில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்திக்கு அதே கடையில், அதே நாளில் வாங்கியது இன்னும் பளிச்சென்று இருக்கிறதாம். பக்கத்து வீட்டம்மா ‘கண்ணேறு’ என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்.

கண்ணேறு இருக்கட்டும், பிள்ளை போட்டிருக்கும் ஸ்வெட்டர் என்ன ரகம் என்று திருப்பிக் கேட்டேன். அசல் கம்பளி நூல், தானே பின்னியது என்று பதில் வந்தது. பாதி விடை அதில் இருக்கிறது.

வெள்ளியின் மேல் படிவது துரு அல்ல, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்ஃபைடு. அதை உண்டாக்குவது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பள்ளி ஆய்வகத்தில் கிப் உபகரணத்தில் இரும்பு சல்ஃபைடின் மேல் அமிலம் ஊற்றி இந்த வாயுவைத் தயாரித்திருப்பீர்கள். அந்த அழுகிய முட்டை நாற்றம் மறந்திருக்காது. ஆக்சிஜன் எட்டாத சேற்றிலும் செப்டிக் டேங்கிலும் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைச் சுவாசித்து இதை வெளியே விடுகின்றன. தோட்டத்து ஓரத்தில் குவிந்து அழுகும் முட்டைக்கோஸ் இலையிலிருந்தும் கொஞ்சம் வரும்.

இனி கம்பளி. ஆட்டு ரோமம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் எடையில் 3 முதல் 4 சதவீதம் கந்தகம். கம்பளி நாள்பட மெல்ல மெல்ல கார்போனைல் சல்ஃபைடு என்ற வாயுவைக் கசியவிடுகிறது. ஈரம் பட்டால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அருங்காட்சியகங்களில் வெள்ளிப் பொருள்களைக் கம்பளித் துணியோடு வைக்காததற்குக் காரணம் இதுதான். கோத்தகிரியில் ஈரத்துக்குப் பஞ்சமா? மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர். பிள்ளை இடுப்பில் வெள்ளி, அதை ஒட்டிக் கம்பளி, இரண்டுக்கும் நடுவே வியர்வை. கோவைப் பேத்தி பருத்திச் சட்டையில் இருக்கிறாள். (கடையில் விற்கும் ஸ்வெட்டர் பலவும் அக்ரிலிக். அதில் கந்தகம் இல்லை.)

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். சாதாரண வெப்பநிலையில் வெள்ளி அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நூறு கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால்கூடப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இதில் எடுபிடி வேலைதான்: ஹைட்ரஜனைக் கழற்றித் தண்ணீராக்கிக்கொண்டு போகிறது, கந்தகம் வெள்ளியிடம் தங்கிவிடுகிறது.

கறுப்பும் ஒரே நாளில் வருவதில்லை. கொடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சள், சற்றுத் தள்ளிச் செம்பழுப்பு, மணிகளின் இடுக்கில் ஊதாவும் நீலமும் தெரியும். சாயம் எதுவும் இல்லை. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அணைத்துவிடுகின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய டீசல் காட்டும் அதே வானவில். படலம் சில பத்து நானோமீட்டர் தடிமன்தான்; அது ஏற ஏற நிறம் மாறி, கடைசியில் கறுப்பு.

அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்தால் அதுவே கவசமாகி அடியிலிருப்பதைக் காக்கிறது. வெள்ளி சல்ஃபைடு அப்படிக் காப்பதில்லை. ஏனென்று ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் வாக்னர் 1933-இல் விளக்கினார்: கந்தகம் படலத்தைத் துளைத்து உள்ளே போவதில்லை, வெள்ளி அயனிகள்தான் படலத்தின் ஊடாக மேலே ஏறி வருகின்றன. கந்தகத்தைத் தேடி வெள்ளியே வெளியே வருகிறது! அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1833-இல், மைக்கேல் ஃபாரடே இதே வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கிப் பார்த்தார். உலோகங்களில் சூடேறினால் மின்கடத்தல் குறையும், இதில் கூடியது. குறைகடத்தியின் (செமிகண்டக்டர்) குணம் முதன்முதலில் பதிவானது அங்கேதான். பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளை இடுப்பில் இருப்பது குறைகடத்தி என்று.

மிளகாயும் உப்பும் சுற்றிப்போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் யாரோ ஒருத்தியின் கண்ணைக் குற்றம் சொல்வதும், அதற்குத் தாயத்து விற்றுக் காசு பார்ப்பதும் அப்படி விட்டுவிடக்கூடியவை அல்ல. அந்தத் தாயத்தும் வெள்ளிதான், அதுவும் கறுக்கும்.

விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், கூடவே கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். வேறு வழி இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பரப்பி, கொடியை அதைத் தொடும்படி வைத்து, கொதிநீரும் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவும் போடுங்கள். சோடா அலுமினியத்தின் கவசத்தைக் கரைக்கிறது. அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுக்க, கட்டுண்ட வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. குனிந்தால் மெல்லிய முட்டை நாற்றம் வரும். விடுபட்ட கந்தகம் பழையபடி வாயுவாகப் போகிறது. கல் பதித்த நகைக்கும், வேலைப்பாட்டுக்காகவே கறுப்பேற்றிய நகைக்கும் இது வேண்டாம்.

ஆய்வகத்திலும் கொடியிலும் விளையாட்டாகத் தெரியும் இந்த வாயு செப்டிக் டேங்கில் ஆளைக் கொல்வது. நூறு கோடியில் சில பங்கையே பிடித்துவிடும் மூக்கு, பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து. காற்றைவிடக் கனமானதால் குழிக்குள் தங்கும். கசடைக் கிளறினால் மொத்தமாகக் கிளம்பும். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை, சயனைடு போலவே, முடக்கும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவது இதனால்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆள் இறங்காமலே தொட்டியைச் சுத்தம் செய்ய ஐஐடி மெட்ராஸ் குழு ‘ஹோமோசெப்’ என்ற எந்திரத்தைச் செய்திருக்கிறது. ஆனால் படிக்கட்டுப் படிக்கட்டாக வீடு கட்டியிருக்கும் மலைச்சரிவில், லாரியே ஏறாத சந்தில் இருக்கும் தொட்டிக்கு என்ன செய்வது? அதற்கான சின்ன எந்திரத்துக்கும், மலிவான வாயு உணரிக்கும் ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டும் என்பது என் கட்சி.

வாசகி கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் முட்டை நாற்றம் வருகிறதாம். அம்மா, தரைக் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். தொட்டியின் வாயுவை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நாற்றம் வந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.