பல்ப்: கூழா, சாணித்தாளா?

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே அட்டை கிழிந்த மாத நாவல் ஒன்றைப் புரட்டினேன். ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கி, பழுப்புத் தூளாக விரலில் ஒட்டியது. "சாணிப் பேப்பர் தம்பி, மெதுவா புரட்டுங்க" என்றார் கடைக்காரர். ஆங்கிலத்தில் 'பல்ப்' (pulp) என்பது இந்தத் தாளைத்தான், அதில் வரும் கதைக்கும் அதே பெயர். அதைத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் என் கேள்வி. நம்மவர்கள் பல்பு என்றதும் விளக்கை நினைப்பார்கள். அது வேறு சொல்.

லத்தீனில் 'புல்பா' என்றால் சதை. முதலில் பழச்சதையைக் குறித்து, அப்புறம் அரைத்துக் குழைத்த எதற்கும் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் கந்தல் துணிக்குப் பதில் மரத்தை அரைத்துத் தாள் செய்யத் தொடங்கியதும் அந்த மரக்கூழுக்கும் இதே பெயர். மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுவதால், வெளிச்சமும் காற்றும் பட்டுத் தாள் மஞ்சளாகிவிடும். வழவழப்பு வேண்டாம், மலிவாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஏற்ற சரக்கு.

அப்படி நினைத்தவர் ஃபிராங்க் மன்சி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நியூயார்க்குக்கு வந்து 1882 டிசம்பரில் 'கோல்டன் ஆர்கோசி' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கினார். ஆர்கோசி என்றால் பெரிய வணிகக் கப்பல். ரகூசா என்ற துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. துறைமுக ஊர்க்காரனான எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. ஆனால் கப்பல் சுலபமாக ஓடவில்லை, கடன்தான் ஏறியது. 1896இல் மன்சி ஒரு முடிவெடுத்தார்: கட்டுரை, படம் எல்லாம் வேண்டாம், முழுக்கக் கதை, அதுவும் முரட்டு மரக்கூழ்த் தாளில், விலை 10 சென்ட். காசு கொடுப்பவர்கள் கதைக்குத்தான் கொடுக்கிறார்கள், தாளுக்கு அல்ல என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. அவருடைய இன்னோர் இதழான 'ஆல் ஸ்டோரி'யில்தான் 1912 அக்டோபரில் டார்சான் முதன்முதலாக வந்தான். இந்த வகை இதழ்களுக்கே பிறகு 'பல்ப்' என்று பெயர் விழுந்தது. வழவழப்புத் தாளில் வந்தவை 'ஸ்லிக்' ஆயின. தாளின் பெயர் மெல்ல மெல்லக் கதையின் தரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தாள் தொழிலில் 'மரக்கூழ்', 'காகிதக்கூழ்' இரண்டும் பொருந்தும். கூழ் பழைய சொல். குறளில் 'படைகுடி கூழமைச்சு' என்று வரும்போது அதற்கு உணவு, பொருள்வளம் என்று உரை சொல்வார்கள். ஏழை வீட்டுக் கஞ்சியாக அது இறங்கியதும் பல்ப் கதையின் மரியாதை இறங்கியதும் ஒரே மாதிரிதான். ஆனாலும் 'கூழ்க்கதை' என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஆடி மாதக் கோயில் அண்டாதான் கண்ணில் தெரியும். 'மர்ம நாவல்' கதையின் வகையைச் சொல்கிறது, 'மாத நாவல்' வெளிவரும் முறையைச் சொல்கிறது. இரண்டிலும் தாள் இல்லை. 'வெகுஜன இலக்கியம்' விமர்சகர் மேசையில் மட்டும் புழங்குவது.

என் ஓட்டு கடைக்காரர் சொன்னதற்கே: இதழுக்குச் 'சாணித்தாள் இதழ்', கதைக்குச் 'சாணித்தாள் கதை'. நிறத்தையும் சொரசொரப்பையும் பார்த்து மக்களே வைத்த பெயர். கொஞ்சம் ஏளனம் இருக்கிறது. பல்ப் என்பதிலும் அது இருக்கிறதே.